பரந்தனில பெய்த மழை

முரசுமோட்டை, கிளிநொச்சி,
கார்த்திகை நடு.

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. மகள் கம்பஸ் எடுபட்ட செய்தி கேட்டு அம்மாவுக்குத்தான் கூடச் சந்தோசம். அவவுக்கு முழங்கால் நோ, மற்றபடி எல்லாரும் சுகம்.

இப்பவும் வானத்தைப் பார்த்துத்தான் விதைக்கிறியளோ எண்டு கேட்டிருந்தாய். போனைப் பார்த்துத்தான்ரா. நான் பார்க்கிற ஐரோப்பிய மாடல், அதுதான் வானிலையைக் கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொல்லுறது, அதின்ர தலைமையகம் இங்கிலாந்தில நீ இருக்கிற ரெடிங்கில. கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மட்டும் 2022 தொடக்கம் இத்தாலியில, பொலோனியாவில. என்ர வயலுக்கு மழை சொல்லுறது உன்ர அயலவன்தான் எண்டு வைச்சுக்கொள்ளன்.

அந்த அயலவன் ஐப்பசியில என்னை ஏமாத்திப்போட்டான். செவ்வாய்க்கிழமைக்குப் பெரிய முகில் படம் போட்டிருந்தது. திங்கள் விடியப்புறமே காய்ஞ்ச மண்ணில புழுதி விதைப்பு முடிச்சன். பெரியப்பா வரம்பில நிண்டு காத்தைப் பார்த்துட்டு, "சோழகம் இன்னும் விடேல்லையடா, கொண்டல் எழும்பட்டும்" எண்டார். தென்மேல் காத்து நிண்டு கீழ்க்காத்து வரட்டும் எண்டுதான் அர்த்தம். செவ்வாய் பின்னேரம் மழை வந்ததுதான். பரந்தன் ரோட்டில வெள்ளம் ஓடினது. எங்கட வேலிப் பூவரசில தூசிகூடக் கழுவுப்படேல்லை. ஒரு கிழமையாப் புறா விதைநெல்லைப் பொறுக்க, மனுசி பழைய தகரத்தைத் தட்டிக்கொண்டு வயலுக்குள்ளேயே நிண்டா. அந்தச் சத்தம் இப்பவும் காதுக்குள்ள கிடக்கு.

மாடலைப் பிழை சொல்ல ஏலாது. அது பூமியை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் கட்டங்களாப் பிரிச்சுத்தான் கணக்குப் பார்க்குது. ஐப்பசி இடிமுகில் அதைவிடச் சின்னதாயும் இருக்கும். ஊருக்கு மழை எண்டு சொல்லும், ஆற்ற காணிக்கு எண்டு சொல்லாது.

பெரியப்பா தேத்தண்ணிக் கடையில ஒரு மாதம் இதைச் சொல்லிச் சிரிச்சார். ரோசத்தில பிள்ளையின்ர கொப்பி ஒண்டை எடுத்து, போன் சொன்னதையும் அவர் சொன்னதையும் நாள் போட்டு எழுதத் தொடங்கினன். தும்பி தாழப் பறக்குது, நாளைக்கு மழை எண்டு மூண்டு தரம் சொன்னார். ரெண்டு தரம் மண்டை பிளக்கிற வெயில். கொப்பியைக் காட்டினா, "நான் எப்ப சொன்னனான்?" பலிச்சது மட்டும்தான் மனுசனுக்கு ஞாபகம் நிக்குது, எனக்கும் அப்பிடித்தான்.

புயலெண்டால் கதையே வேற. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரையேறினது. அது கடலுக்குள்ள நிக்கேக்கையே போனுக்குத் தெரியும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுறது மழை வாசலுக்கு வந்த பிறகுதானே.

இப்ப நான் முகில் படத்தைப் பார்க்கிறேல்லை. 1961இல எட்வர்ட் லோரன்ஸ் எண்ட வானிலை விஞ்ஞானி தன்ர கம்ப்யூட்டரில 0.506127 எண்டதுக்குப் பதிலா 0.506 எண்டு குடுக்க, கொஞ்சத்தில வானிலையே வேற திக்கில போட்டுதாம். அதாலதான் ரெடிங்காரர் தொடக்கத்தைச் சின்னனா மாத்தி மாத்தி 51 தரம் கணக்கை ஓட விடுறாங்கள். ஒவ்வொரு தரத்துக்கும் போனில ஒரு கோடு வரும். கோடுகள் எல்லாம் ஒண்டாப் போனா நம்புவன். விசிறி மாதிரி விரிஞ்சா விதைநெல் மூட்டையை அவிழ்க்கமாட்டன்.

வானத்தில பெரியப்பா தோற்பார், தண்ணியில தோற்கமாட்டார். நூறு மில்லிமீற்றர் மழையாம் எண்டு சொன்னா, அவர் கேக்கிற முதல் கேள்வி "எங்கையாம்?" கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில இருந்தெல்லோ எங்கட இரணைமடுக் குளத்துக்கு வருது. இங்க வெயில் எறிக்கேக்கையும் வெள்ளம் வரலாம். முதல் மழையைக் காய்ஞ்ச மண் குடிச்சிடும், மேல இருக்கிற சின்னக் குளங்கள் நிரம்பின பிறகு அதே அளவு மழை வீட்டுக்குள்ள வரும். 2018 மார்கழி வெள்ளத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஆத்துத் தண்ணியின்ர நிறத்தைப் பார்த்துட்டு வந்து, ஒரு கதையுமில்லாமல் நெல்மூட்டையளை வாங்கிலுக்கு மேல ஏத்தி, மாட்டை அவிழ்த்து மேட்டில கட்டினார். நாங்கள் கிழவனுக்கு விசர் எண்டம். விடிய முத்தத்தில முழங்கால் தண்ணி.

வியாழன் தொடக்கம் மழை எண்டு போன் சொல்லுது, கோடுகளும் ஒண்டாத்தான் போகுது. பெரியப்பா இப்ப வந்து என்ர போனைக் கேக்கிறார். வானிலை பார்க்க இல்லை. ஆத்தின்ர மேல்பக்கம், மாங்குளத்தில இருக்கிற மருமகனுக்கு எடுத்து, அங்கத்தைக் குளம் நிரம்பி வான் பாயுதோ எண்டு கேக்க வேணுமாம்.

குடுக்கிறன். மிச்சம் பிறகு எழுதுறன்.

உன்ர மச்சான்