ஜல்லிக்கட்டு பார்க்க வருவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். வெளியூரிலிருந்து முதன்முறை வருவோர் பலரும் விடிந்தபின் கிளம்பி, கேலரி நிரம்பிய பிறகு வந்து சேர்கிறார்கள். கிடைத்த சந்தில் நுழைந்து, கடைசியில் மாடு சேகரிக்கும் இடத்தருகே நிற்கிறார்கள். அங்கே மட்டும் நிற்கவே கூடாது. களத்தில் ஓடி மிரண்ட காளை அங்கேதான் தன்னை வளர்த்தவரைத் தேடும். அவர் கயிறு போட்டுப் பிடிக்கும்வரை எதிர்ப்பட்டவரையெல்லாம் முட்டும். மாடுபிடி வீரருக்காவது காளை எங்கிருந்து வரும் என்று தெரியும், வேடிக்கை பார்ப்பவருக்குத் தெரியாது.

காளைகள் களத்துக்குள் பாயும் வாடிவாசல் தெரியும் கேலரியில் விடியுமுன்னே இடம்பிடியுங்கள். முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். பிறகு உள்ளே மூக்கணாங்கயிறு அறுபடும், அடுத்த நொடியே பாய்ச்சல். வாலையோ கொம்பையோ பிடித்தால் செல்லாது. திமிலை ஒருவரே அணைத்து, எல்லைக்கோடு வரையோ மூன்று துள்ளல் வரையோ தாக்குப்பிடிக்க வேண்டும். ஓடாமல் நின்று விளையாடும் காளையைத் தவறவிடாதீர்கள். வீரர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, மண்ணைக் கொம்பால் குத்தி எறியும். ஆட்டத்தின் அழகே அதுதான்!

சுற்றுலாத் துறை வெளிநாட்டினருக்குத் தனி மாடம் ஒதுக்குகிறது, நல்லது. பிற மாவட்டக் குடும்பங்களுக்கும் அப்படியொரு பகுதி வேண்டும். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் திறக்கப்பட்ட ஜல்லிக்கட்டு அரங்கில் இருக்கைக்குக் குறைவில்லை. ஊர்த் திடல்களில்தான் நெரிசல்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர், மதுரை