பெங்களூர்ல கடை வச்சிருக்க எம்பொண்ணுக்கு, சேலம் சிவதாபுரத்துல இருந்து அம்மா

கண்ணு,

நேத்து போன்ல நீ அழுததுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல, அதான் கொலுசு பட்டறை தெறக்கறதுக்கு முன்னாடியே உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோ. ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் பீட்ரூட் துருவலும் வச்சு குடுக்கற நம்மூரு தட்டுவடை செட்ட அங்க கொண்டு போய் கடை போட்டு ரெண்டு வருஷம் ஆகப்போகுது, எட்டு பேருக்கு சம்பளம் குடுக்கற, எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா. எல்லாரையும் கூடப்பொறந்தவங்க மாதிரி தானம்மா வச்சிருக்கேன், அப்பறமும் ஏன் ஒரு நாள் சட்னி உப்பு கரிக்குது ஒரு நாள் சப்புனு இருக்குது, ஏன் ரெண்டு பேரு சொல்லாம கொள்ளாம வேலைய விட்டு நின்னுட்டாங்கன்னு கேட்ட. சட்டுனு எனக்கு ஒன்னும் சொல்ல வரல.

ராத்திரி பரண்ல இருந்து உன் எம்பிஏ நோட்ட எடுத்துப் பாத்தேன். அமெரிக்காவுல கர்ட் லெவின்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் கூட ரெண்டு பேரும் பத்து வயசு பசங்கள குரூப்பா பிரிச்சு கைவேலை செய்ய விட்டுப் பாத்து, 1939ல வெளியிட்டத எழுதி வச்சிருக்க. ஒரு மாதிரி ஆளு அதட்டி வேலை வாங்கறாரு, இன்னொரு மாதிரி ஆளு பசங்களோட கலந்து பேசி செய்யறாரு, மூணாவது ஆளு எதுலயும் தலையிடல. அதட்டுன ஆளு ரூம விட்டு வெளிய போனதும் பசங்க வேலைய போட்டுட்டாங்க, கலந்து பேசுன எடத்துல அவரு போனாலும் வேலை ஓடுச்சுன்னு இருந்துச்சு. படிச்சதும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு கண்ணு, அது அப்படியே நம்ம பட்டறை கதை.

அப்பா போனதுக்கப்பறம் எனக்கு இருந்த ஒரே பயம் வெள்ளி தான். செவ்வாய்பேட்டை வியாபாரி குடுக்கற வெள்ளி அது, நம்முது இல்ல, காலைல எடை போட்டு குடுத்து, சாயங்காலம் கொலுசு, துண்டுக்கம்பி, அராவுன தூள் வரைக்கும் எடை போட்டு வாங்கி, சேதாரம் கழிச்சு நோட்டுல ஏத்தணும், கொறஞ்சா நம்ம கூலில புடிப்பாங்க. அதனால தராசுகிட்ட நான் கறாரா இருந்தேன், இன்னிக்கும் அப்படித்தான், அதுல எனக்கு வருத்தமே இல்ல. நான் பண்ண தப்பு, அதே மொகத்தோட கொலுசுக்கு பத்த வைக்கிற, அதான் நெருப்புல சூடு காட்டி ஒட்டற எடத்துலயும் போய் நின்னது. முப்பது வருஷம் கை பழகுன ஆளு தலைமேல நின்னு இப்படி வை அப்படி வைன்னு சொல்லிட்டே இருந்தேன், அவரு ஒரு வார்த்தை பேசல, தீபாவளி ஆர்டர் நேரத்துல வேற பட்டறைக்கு போயிட்டாரு. மிச்சம் இருந்தவங்களும் நான் பேங்குக்கு போனா கைய மடக்கி உக்காந்துருவாங்க. அதுக்கப்பறம் தான் சலங்கை கோக்கற பொண்ணுங்கள உக்கார வச்சு கேட்டேன், வெள்ளி வெலை ஏறி கெடக்குது என்ன பண்ணலாம்னு, காலேஜ் புள்ளைங்களுக்கு எடை கம்மியா மெல்லிசா ஒரு டிசைன் போடலாம்னு அவங்க தான் சொன்னாங்க. இப்ப நம்ம பட்டறைல அதிகமா போறது அதான்.

அதனால ஆள எப்படி நடத்தறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, இந்த வருஷம் உனக்கு என்னா வேணும்னு மொதல்ல முடிவு பண்ணு. ரெண்டாவது கடைன்னு சொல்ற, ரெண்டு எடத்துலயும் நீ ஒருத்தியே நிக்க முடியாது, அப்ப சட்னிக்கு உப்பு எத்தன கிராம், பச்சமொளகா எத்தன, பீட்ரூட் எவ்ளோ மெல்லிசா துருவணும், எல்லாத்தயும் எழுதி செவுத்துல ஒட்டு, அதுல யாரு சொன்னாலும் மாத்தாத, பாசம் பாக்காத. ஆனா புது அயிட்டம் போடணும்னா கடைய மூடுனப்பறம் எட்டு பேரையும் உக்கார வச்சு கேளு, தட்டு கழுவற அம்மாவையும் சேத்து, மிச்சம் வெக்கறது எதுன்னு அவங்களுக்கு தான் தெரியும்.

நின்னுபோன ரெண்டு பேரும் வேலைக்கு சேந்து மூணு மாசம் தான் ஆச்சுன்ன. ஆளுங்கள நடத்தறத பத்தி ஹெர்சி, பிளான்சார்டுன்னு ரெண்டு பேரு 1969ல சொன்னதுக்கு நீயே அடிக்கோடு போட்டு வச்சிருக்க, புது ஆளுக்கு ஒன்னொன்னா சொல்லிக் குடுக்கணும், தேறுனவங்க கைல பொறுப்ப விடணும்னு. அவங்களுக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? திட்டல, சரி, செஞ்சது சரியா தப்பான்னாவது சொன்னியா? ஒரு போன் போட்டு கேட்டுப் பாரு.

ஆடி பண்டிகைக்கு கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வரேன்னு சொன்னல்ல, வரும்போது கடை சாவிய உன் மாஸ்டர் கைல குடுத்துட்டு வா. ரெண்டு நாளும் போன் போட்டு நோண்டாத. திரும்பிப் போனதும் அந்த ரெண்டு நாள் சட்னி எப்படி இருந்துச்சுன்னு வழக்கமா வர்ற கஸ்டமர்கிட்ட கேட்டுட்டு எனக்கு சொல்லு.

நேரத்துக்கு சாப்புடு சாமி.

அம்மா