வரைபடத்தைத் திருத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். சரி, செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

நாம் கூடி உட்காரும் இந்த இடத்துக்கு நான் முதலில் வரைந்தது வேறொன்று. நடுவில் சிமென்ட் மேடை, அதைப் பார்த்தபடி வரிசையாக இருக்கைகள், சுற்றிலும் புல்தரை. அதை மரத்தடியில் விரித்துக் காட்டிய அன்று பாட்டி ஒருவர், "கூட்டம் இல்லாத நாளில் இங்கே வந்து எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முதல் நன்றி அந்தக் கேள்விக்கு.

இரண்டாவது, நிழலைத் துரத்திய பிள்ளைகளுக்கு. மதியம் மூன்று மணியிலிருந்து இருட்டும் வரை, மணிக்கொரு முறை ஓடிப்போய் மர நிழலின் ஓரத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் போட்டார்கள். சூரியன் போகும் பாதை மாறியிருந்ததால் கோடுகள் பல அடி தள்ளி விழுந்தன. இரண்டு தடவையும் நிழல் விழுந்த இடம் எதுவோ, அங்கேதான் இன்று இருக்கைகள் இருக்கின்றன. கணினியிலும் இதைக் கணக்கிட்டிருக்கலாம்தான். ஆனால் இந்தக் கிளை, இந்தச் சுவர், இந்த மண் எல்லாம் அந்தக் கோட்டில் இருந்தன.

ஜல்லி லாரியை மரத்தடியில் நிறுத்த விடாமல் குறுக்கே நின்ற தோட்டக்கார அண்ணனுக்கு அன்று கோபமாகத்தான் பதில் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள். மரத்தின் மெல்லிய உறிஞ்சு வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன, கிளைகளின் எல்லையையும் தாண்டிப் பரவுகின்றன. பாரம் ஏறி மண் இறுகினால் அவற்றுக்குக் காற்றும் கிடைக்காது, தண்ணீரும் இறங்காது. மரம் உடனே சாகாது, சில வருடம் கழித்து நுனியிலிருந்து காயும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. நீங்கள் கயிறு கட்டி வளைத்த அந்த வட்டத்துக்குள் இன்றுவரை எந்த வண்டியும் ஏறவில்லை.

சக்கர நாற்காலியில் வந்து சரிவுப் பாதையை ஏறிக் காட்டிய அக்காவுக்கு நன்றி. பல நாடுகளின் விதிகள் ஒத்துக்கொள்ளும் 1-க்கு 12 சரிவைத்தான், அதாவது ஓர் அடி உயர 12 அடி நீளப் பாதை, போட்டிருந்தோம். "ஏறிவிடலாம், ஆனால் மேலே வந்ததும் பேச மூச்சு இருக்காது" என்றீர்கள். 1-க்கு 20 ஆக மாற்றினோம். பாதை நீண்டது, வளைந்தது, இப்போது எல்லோரும் படியை விட்டு அதில்தான் நடக்கிறார்கள். இருக்கைகளுக்கு நடுவில் இடைவெளி விடச் சொன்னதும் நீங்கள்தான். ஓரத்தில் இடம் ஒதுக்கினால் ஓரத்தில்தானே இருக்க வேண்டும்?

நகர்த்தும் நாற்காலிகள் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற தம்பிக்கும் நன்றி. 1970-களில் நியூயார்க்கின் சதுக்கங்களில் கேமரா வைத்து, மக்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று கவனித்த வில்லியம் வைட்டைப் பற்றி நீதான் சொன்னாய். நகர்த்த முடிகிற நாற்காலி கிடைத்தால், உட்காரும் முன் அதைக் கொஞ்சமாவது தள்ளிப் போட்டுக்கொள்வார்களாம். இங்கேயும் அப்படியே நடக்கிறது.

அப்புறம், மழைத்தோட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். நம் 200 சதுர மீட்டர் தளத்தில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 6,000 லிட்டர். அதைச் சாக்கடைக்கு அனுப்பாமல் ஒரு பள்ளத்தில் சேர்த்து மண்ணுக்குள் இறக்குவதுதான் திட்டம். இறங்குமா என்று பார்க்க ஒன்றரை அடிக் குழி வெட்டி, ஒரு முறை தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, டார்ச்சும் அளவுகோலுமாக இரவு முழுக்க உட்கார்ந்து அளந்த இருவரை மறக்கவே மாட்டேன். கொசுமுட்டை பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரண்டு நாளில் பள்ளம் வற்றிவிட்டால் பயமில்லை. நம் மண்ணில் ஒரே நாளில் வற்றியது.

இருந்தும் முதல் பெருமழையில் தண்ணீர் பள்ளத்துக்குள் போகவில்லை, சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. குடை பிடித்தபடி எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தவறு என்னுடையது. செடி நட்டபின் மண் காயாமலிருக்க மேலே பரப்பும் மூடாக்கின் தடிமனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன், வாய்க்கால் வாய் இரண்டு விரல்கடை மேடாகிவிட்டது. மறுநாள் விடியும்போதே கொத்தனார் வந்துவிட்டார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஓரக்கல்லை உளியால் செதுக்கினார், வாயருகே மூடாக்கை ஒதுக்கிக் கூழாங்கல் பரப்பினார். ஒரு குடம் தண்ணீரைத் தளத்தில் கவிழ்த்து, அது வாட்டம் பிடித்து உள்ளே இறங்கும்வரை குனிந்தே நின்றார். கூலி கொடுக்கப் போனபோது, "என் வேலையும் சேர்ந்துதானே நின்றது" என்றார்.

இடிந்த கட்டடத்துக் கற்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும் என் நன்றி. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. உங்களால் தளம் முழுவதையும் மணல் மீது கல் அடுக்கியே முடித்தோம். கல்லிடுக்கில் மழையும் இறங்குகிறது.

இன்னொருவர் இருக்கிறார். தினமும் காலையில், நடைக்குக் கொண்டுவரும் கைத்தடியின் நுனியால் வாய்க்கால் வாயில் சேர்ந்த இலைகளை ஒதுக்கிவிட்டுப் போகிறார். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. ஐயா, நீங்கள் ஊருக்குப் போயிருந்த நான்கு நாளும் அந்த வேலையை நான் செய்தேன். நேற்று நீங்கள் திரும்பி வந்ததைப் பார்த்தேன். மறுபடியும் உங்களிடமே ஒப்படைக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
வரைபடம் வரைந்தவன்