ஆதிமனிதன் உணவு: மாத்திரையைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பேலியோ உணவு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தானியம், பருப்பு, கிழங்கு, இனிப்பு எல்லாவற்றையும் விட்டு, வேட்டையாடி வாழ்ந்த ஆதிமனிதனைப் போல இறைச்சியும் முட்டையும் கொட்டைகளும் சாப்பிட்டால் சர்க்கரை கட்டுக்குள் வரும் என்று அதில் இருந்தது. அந்தச் சாப்பாட்டை எங்கள் வீட்டில் பதினான்கு மாதம் சமைத்தவள் நான். அதற்கு முன் 31 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்து, பிள்ளைகளுக்குத் தினமும் அரிசியையும் பருப்பையும் நிறுத்துப் போட்டவள். கட்டுரையில் விட்டுப்போன சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி ஓட்டம், கண் அசராமல் இருக்க நாலைந்து டீ, வழியில் பரோட்டா என்றே முப்பது வருடம் ஓடியது. 2009-இல் சர்க்கரை என்று தெரிந்தது. 2017-இல் எடை 91 கிலோ, மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 9.4 சதவீதம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் முகநூலில் பார்த்து ஒரு பட்டியல் அனுப்பினான். காலையில் ஊறவைத்து வறுத்த பாதாம் 100, வெண்ணெய் போட்ட டீ. மதியம் நாலு முட்டை, நெய்யில் வதக்கிய காய். ராத்திரி கறியோ மீனோ பனீரோ. சோறு, இட்லி, பருப்பு, பழம் எதுவும் கிடையாது.

மூன்றாம் நாள் பகல் பதினொன்றரை இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "இந்தா, கை ஏன் இப்படி ஆடுது பாரு" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு குழறியது. சுகர் மிஷினில் குத்திப் பார்த்தால் 52. ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துப் புகட்டினேன். கால் மணி நேரம் கழித்துத்தான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மாலையில் மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "சோற்றை நிறுத்தினீர்களே, கிளிமிபிரைடைக் குறைத்தீர்களா?" சாப்பாட்டில் மாவுச்சத்து இருக்கிறது என்ற கணக்கில் கொடுத்த, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை அது. சாப்பாட்டை மாற்றிவிட்டு மாத்திரையைப் பழைய அளவில் போட்டால் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிபுளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று மாவுச்சத்தை விட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடுமாம். மகன் அனுப்பிய பட்டியலில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. உங்கள் கட்டுரையிலும் இல்லை.

அளவு குறைத்த மாத்திரையோடு மறுபடி தொடங்கினோம். பலன் கிடைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏழு மாதத்தில் எடை 76 கிலோவுக்கு வந்தது, சர்க்கரைச் சராசரி 6.5. 310 இருந்த ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 140 ஆனது. ராத்திரி நாலு தடவை எழுந்துகொண்டிருந்த மனிதர் விடியும்வரை தூங்கினார். அந்தப் பட்டியலுக்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். நம் ஊர்ச் சாப்பாட்டில் புரதம் குறைவு என்பது வாஸ்தவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்கச் செய்த கணக்கெடுப்பிலும் நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகவே தெரிந்திருக்கிறது. சத்துணவில் 2010-இல் வாரம் ஐந்து முட்டை ஆனபோது பிள்ளைகளின் முகத்தில் வந்த தெளிச்சியை நேரில் பார்த்தவள் நான். முட்டையை யாராவது குறை சொன்னால் சண்டைக்கே போவேன்.

ஆனால் பத்தாம் மாதம் அவருக்குக் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே அலறினார். யூரிக் அமிலம் 8.9. கெட்ட கொழுப்பு 118-லிருந்து 171-க்கு ஏறியிருந்தது. ஈரலையும் ஆட்டுக்கறியையும் குறைக்கச் சொன்னார் மருத்துவர். அவற்றைக் குறைத்தால் பட்டியலில் மிஞ்சுவது முட்டையும் மீனும் பனீரும் பாதாமும்தான். அவர் ஒருவர் சாப்பாட்டுக்கு மட்டும் நாளுக்கு 260, 270 ரூபாய் ஆனது. மகன் பணம் அனுப்பியதால் தாக்குப்பிடித்தோம். ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கும் வீட்டில் இதை ஒரு வாரம்கூட நடத்த முடியாது.

இதை ஆதிமனிதன் உணவு என்று சொல்வதும் எனக்கு உறுத்துகிறது. என் அப்பா கொடைக்கானல் மலைப் பக்கம் தாண்டிக்குடியில் காப்பித் தோட்ட மேஸ்திரி. பன்னிரண்டு வயதுவரை நான் வளர்ந்தது அங்கேதான். அந்த மலையின் பழங்குடிகளான பளியர் பெண்கள் நுனி கூரான கோலோடு காட்டுக்குள் போய், இடுப்பளவு குழி தோண்டி வள்ளிக்கிழங்கு எடுத்து வருவார்கள். ஒரு கிழங்குக்கு அரை நாள் போகும். தணலில் சுட்ட கிழங்கைத் தேனில் தொட்டு எனக்கும் தந்திருக்கிறார்கள். வேட்டை கிடைத்த நாளில் கறி இருக்கும், கிடைக்காத நாளில் இருக்காது. கிழங்கு மட்டும் என்றைக்கும் இருக்கும்.

புறநானூற்றில் கபிலர் பாடிய பறம்பு மலையும் அப்படித்தான். உழவர் உழாமலே அங்கே நான்கு பொருள் விளையும் என்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இன்று பிரான்மலை என்று நாம் சொல்லும் அந்த மலையை மூவேந்தர் முற்றுகையிட்டும் பட்டினி போட முடியவில்லை என்றால் இந்த நான்கும்தான் காரணம். நான்குமே பேலியோ பட்டியலில் விலக்கப்பட்டவை. பட்டியலில் இருக்கும் வெண்ணெயும் பனீரும் மாடு வளர்க்கத் தொடங்கிய பிறகு வந்தவை.

விலங்கியல் ஆசிரியையான என் மகள் இன்னும் சிலவற்றைச் சொன்னாள். தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் சேகரித்தும் வாழும் ஹட்சா மக்கள் கறியோடு கிழங்கும், காட்டுப்பழமும், ஆனைப்புளியங்காயும் (பாவோபாப் மரத்தின் காய்), தேனும் சாப்பிடுகிறார்கள். ஆண்கள் நாளுக்குப் பதினொரு கிலோமீட்டர் போல நடக்கிறார்கள். இஸ்ரேலில் உள்ள கலிலேயா ஏரிக்கரையில் 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் காட்டு பார்லியைக் கல்லில் அரைத்த தடயம் கிடைத்திருக்கிறதாம். விவசாயம் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தைய கதை அது. என் வீட்டுக்காரருக்குப் பலன் கொடுத்தது கற்காலம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலை போலக் குவித்த சோறு, சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட், பரோட்டா, நாலு மணி போண்டா ஆகியவை தட்டைவிட்டுப் போனதுதான் பலன் கொடுத்தது.

கடைசியாக ஒன்று. அந்தப் பதினான்கு மாதமும் அவர் தட்டில் முட்டையும் கறியும் இருந்தன. ஒரே வீட்டில் இரண்டு உலை. மிஞ்சிய சோற்றையும் அவர் தொடாத இட்லியையும் வீணாக்க மனமில்லாமல் நான் சாப்பிட்டேன். முட்டை விலையைப் பார்த்து எனக்கென்று ஒன்று எடுக்கக் கை வரவில்லை. 2018 கடைசியில் எனக்கும் ரத்தம் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி 6.8. எனக்கும் சர்க்கரை. பேலியோ பற்றி எழுதுகிறவர்கள் தட்டில் என்ன வைக்கலாம் என்று எழுதுகிறார்கள். அந்த வீட்டில் இன்னொருவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது எங்கள் இரண்டு தட்டிலும் ஒரே சாப்பாடுதான். ஒரு கரண்டி சோறு, அதைவிட இரண்டு மடங்கு காய், ஆளுக்கு இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், வாரம் இரண்டு நாள் மத்தி மீன். சாயங்காலம் இருவரும் ஒரு மணி நேரம் நடக்கிறோம். அவருக்கு 6.9, எனக்கு 6.3.

பேலியோ பற்றி எழுதவேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை எழுதும்போது, மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றாமல் இதைத் தொடங்கக் கூடாது என்ற வரியைக் கட்டுரையின் தலையிலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள். சிறுநீரகக் கோளாறும் யூரிக் அமிலமும் உள்ளவர்களுக்கான எச்சரிக்கையை அதற்குக் கீழே சேருங்கள். ரேஷன் அரிசியும் முட்டையும் கீரையும் சுண்டலும் வைத்து, வீட்டில் எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒரு வாரப் பட்டியலை ஒரு மருத்துவரிடம் கேட்டு வெளியிடுங்கள். எங்கள் தெருவில் மட்டும் அதை வெட்டி வைத்துக்கொள்ள ஒன்பது வீடு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
வத்தலக்குண்டு.