இறங்கும்போது எரியாத பெற்றோல்

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் நீளமான மெசேஜை போன கிழமையே வாசித்துவிட்டேன், பதில் எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் ஒரு கிழமை போனதே தெரியவில்லை. இப்போது நல்லாயிருக்கிறார். இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே எதிர் லயத்து வாசலில் யார் நிற்கிறார்கள், என்ன நிறச் சேலை என்றெல்லாம் சொல்கிறார். உன்னையும் விசாரிக்கச் சொன்னார். மகள் உயர்தரம் எழுதிவிட்டு பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மழைதான் இன்னும் விடவில்லை, வட்டவளைப் பக்கம் மூன்று நாளாக வெயிலையே காணோம்.

சரி, வண்டிக்கு வருகிறேன். நீ அந்த மஸ்டா ரோட்ஸ்டரை, கூரை திறக்கிற அந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் காரை, வாங்கினது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் ஏப்ரல் வந்தால் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டம் பார்க்க நுவரெலியாவுக்கு பஸ் ஏறிப் போய், காலையிலிருந்து பனியில் நின்றவர்கள் நாம். இப்போது ஆளுக்கொரு மஸ்டா. என்னுடையது அண்ணன் கனடா போகும்போது விட்டுப்போனது, உன்னுடையது நீயே சேர்த்த காசில் வாங்கினது. அதனால்தான் லீட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, வித்துவிடலாமா என்று நீ கேட்டது எனக்கு மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. விற்காதே. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெற்றோல் குடிக்கத்தான் செய்யும் என்று கொழும்பில் உனக்கு யார் சொன்னாலும் நம்பாதே. அது 1.6 லீட்டர் எஞ்சின், வண்டி ஒரு தொன்கூட இல்லை. அப்படிப்பட்ட வண்டி 8 ஓடினால் எங்கோ கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஒன்று இந்த 8. மற்றது, டிசம்பரில் மனைவியோடு நுவரெலியா வந்தபோது ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுக்கூட வரவில்லை, அவர் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டே வந்தார் என்பது. இரண்டும் வேறுவேறு என்று நினைத்து எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே வியாதி மாதிரித்தான் தெரிகிறது. எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தேர்மோஸ்டட் திறந்தபடியே இறுகிப்போயிருக்கிறது, அல்லது யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். என் வண்டியிலும் இதேதான் நடந்தது. அண்ணன் வைத்திருந்த காலத்தில் கீழ் நாட்டில் ஒரு கராஜில் அதைக் கழற்றிவிட்டு, இந்த நாட்டு வெயிலுக்கு இது தேவையில்லை, இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எஞ்சின் குளிர்ச்சியாக ஓடினால் நல்லது என்று நாமும் நம்பிவிடுகிறோம், அது பெரிய பிழை. தண்ணீர் ஏறத்தாழ 85 பாகைக்கு வரும்வரை தேர்மோஸ்டட் ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் மறித்து வைத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் நம் ஊர்க் குளிரில் எஞ்சினுக்குச் சூடே ஏறாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெற்றோல் முழுவதும் ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதை ஈடுகட்ட எஞ்சினின் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும், காலையில் முதல் 5 நிமிஷம் மட்டும் நடக்கவேண்டிய காரியம் நாள் முழுக்க நடக்கும். அரை மணித்தியாலம் ஓடின பிறகும் சூட்டு முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடக்கிறதா என்று பார், கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது பின் பிரேக். இந்த வண்டியில் பின் சக்கரத்து பிரேக்கிலேயேதான் ஹேண்ட் பிரேக்கும் இருக்கிறது, பழசானால் அது முழுவதும் விடாமல் பாதி பிடித்தபடியே நிற்கும். பிரேக்கே பிடிக்காமல் மெதுவாக ஒரு சுற்று ஓடி வந்து, ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோ (தொட்டுவிடாதே), ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால் அதுதான். இல்லாவிட்டால் ஜாக் போட்டுத் தூக்கி கையால் சுற்றிப் பார். எனக்கு இடது பின் சக்கரம் அரைச் சுற்றிலேயே நின்றது. அதையும் தேர்மோஸ்டட்டையும் சரிசெய்த பிறகு 9இல் இருந்த என் வண்டி 11க்கு வந்தது, அதுவரை நான் ஓட்டுகிற விதத்தில் எதையுமே மாற்றியிருக்கவில்லை.

அந்த 8ஐ எப்படிக் கணக்குப் பார்த்தாய் என்று நீ எழுதவில்லை. டேங்க் நிரம்ப அடித்து, ட்ரிப் மீட்டரைப் பூச்சியமாக்கி, அடுத்த முறையும் அதே பெற்றோல் செட்டில் அதே பம்பில் நிரம்ப அடித்துப் பிரித்துப் பார். ஒரு முறை போதாது, மூன்று முறையாவது பார்க்கவேண்டும். இன்னொன்று, முன்பிருந்தவர் 16 அங்குல ரிம் போட்டிருக்கிறார் என்றாய். பழைய 185/60 14 டயரைவிட 205/45 16 டயர் விட்டத்தில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூட. அப்படியென்றால் வண்டி ஓடின தூரத்தைவிட மீட்டர் குறைவாகக் காட்டும், 8 என்பது உண்மையில் 8.2. பெரிய லாபமில்லை, ஆனால் கணக்கு சரியாக இருக்கட்டும். அகலமான டயர் உருள்வதற்கும் கூடுதல் பலம் கேட்கும், பாரமும் கூட, பழைய ரிம் கிடைத்தால் நானென்றால் அதற்கே மாறிவிடுவேன், வளைவில் ஸ்டியரிங்கும் அப்போதுதான் கையோடு பேசும்.

இப்போது இறக்கம். இதைப் பற்றித்தான் உன்னிடம் கட்டாயம் பேசவேண்டும் என்று நினைத்தேன். கினிகத்தேனை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அதை இன்றோடு விடு மச்சான்.

கித்துல்கலையிலிருந்து ஹட்டனுக்கு 1000 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். உன்னையும் சேர்த்து வண்டி 1050 கிலோ என்று வை. அந்தப் பாரத்தை 1000 மீட்டர் தூக்க ஏறக்குறைய 10 மெகாயூல் சக்தி வேண்டும். ஒரு லீட்டர் பெற்றோலில் 32 மெகாயூல் இருக்கிறது, எஞ்சின் அதில் நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மிச்சம் சூடாகப் போய்விடும். ஆக, ஏறுவதற்கு மட்டும் ஒன்றே கால் லீட்டர். இதை யாராலும் குறைக்க முடியாது, மலை கேட்கிற காசு அது. ஆனால் அதில் சக்கரத்துக்கு வந்த அந்த 10 மெகாயூல் தொலைந்துபோகவில்லை, உயரமாக மாறி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இறங்கும்போது அதைச் செலவழித்துத்தான் ஓடவேண்டும், புதிதாக ஒரு சொட்டும் எரிக்கத் தேவையில்லை.

நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க பெற்றோல் எரித்துக்கொண்டே இருக்கும், இந்த அளவு எஞ்சின் சும்மா நின்றாலே மணித்தியாலத்துக்கு அரை லீட்டருக்கு மேல் குடிக்கும். கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் அளந்து பெற்றோல் ஊற்றுகிற இன்ஜெக்டர் வண்டியில் அந்தக் கம்ப்யூட்டர் பெற்றோலை முழுவதுமாக நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, எரிவது பூச்சியம். வேகம் குறைந்து எஞ்சின் சுற்று ஐடிலுக்கு, அதாவது சும்மா நிற்கும்போது ஓடுகிற சுற்றுக்கு, கிட்ட வந்தால்தான் மறுபடி ஊற்றத் தொடங்கும். இன்ஜெக்டருக்கு முந்தின காபரேட்டர் காலத்தில் நியூட்ரலில் விடுவதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள், அந்தப் பழக்கம் இன்னும் நம் ஆட்களிடம் இருக்கிறது. இதிலும் ஒரு சின்ன விஷயம் கவனிக்கவேண்டும், உன் 1.6இல் எஞ்சினுக்குக் காற்றை விடுகிற துரொட்டலுக்குப் பக்கத்தில் ஒரு ஐடில் சுவிட்ச் உண்டு. அது சரியாகப் பொருந்தாமல் இருந்தால் நீ காலை எடுத்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பெற்றோலும் நிற்காது. கராஜில் அதைப் பார்க்கச் சொல். எஞ்சினுக்குச் சூடு ஏறாவிட்டாலும் இந்த நிறுத்தம் ஒழுங்காக நடக்காது, பார், மறுபடி அந்தத் தேர்மோஸ்டட்டில்தான் வந்து நிற்கிறோம்.

பெற்றோலைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. நியூட்ரலில் இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கில்தான். ரதல்லை குறுக்கு வீதியில் பிரேக் இல்லாமல் போன வண்டிகளைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இங்கே அந்தச் சாவுகளுக்குப் போய் நிற்காத ஆள் குறைவு. எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டின பெரியவர் எனக்கு ஓட்டப் பழக்கினபோது முதல் நாளே சொன்னது, ஏறின கியரிலேயே இறங்கு என்று. அவருக்கு இன்ஜெக்டரும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. அவர் உயிருக்காகச் சொன்னது பெற்றோலுக்கும் சரியாக வருகிறது.

பிரேக்கைப் பற்றி இன்னொரு கணக்கு. 60இல் வருகிற உன் வண்டியை முழுவதுமாக நிறுத்தினால், அந்த வேகத்தை உண்டாக்கச் செலவான பெற்றோல் கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டி. அந்த வேகம் முழுவதும் பிரேக் டிஸ்கில் சூடாகிப் போய்விடுகிறது. தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை எத்தனை வளைவு, ஒவ்வொன்றிலும் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்து மறுபடி அழுத்தினால் எத்தனை கரண்டி என்று எண்ணிப் பார். முன்னால் பார்த்து, காலை முன்கூட்டியே எடுத்து, வளைவுக்குள் வேகத்தை விடாமல் கொண்டுபோய் வெளியே எடுக்கவேண்டும். இதற்குத்தானே இந்த வண்டியையே செய்தார்கள்! 1989இல் வந்தபோது பெரிய எஞ்சின் போடாமல் பாரத்தைக் குறைத்துச் செய்த வண்டி இது, வளைவை அழகாகத் திரும்புகிற வண்டி. அதை நன்றாக ஓட்டுவதும் சிக்கனமாக ஓட்டுவதும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. 2022இல்தான் இதைப் பழகினேன். ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாவுக்குப் போனது, அப்புறம் கியூஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர் என்றார்கள். அந்த 20 லீட்டரில் பள்ளிக்கூடமும் போகவேண்டும், அம்மாவை கண்டி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகவேண்டும். வீதியை வாசித்து ஓட்டப் பழகினபோது 11இல் இருந்த வண்டி 13ஐத் தொட்டது, மலை வீதியில். அந்தக் கிழமைகளில் டேங்க் முள்ளைப் பார்த்துப் பார்த்து ஓட்டின பயம் இன்னும் உடம்பில் இருக்கிறது.

ஏறும்போது நீ இரண்டாம் கியரில் 4500 சுற்றில் ஏறுவாய் என்று எனக்குத் தெரியும், அந்தச் சத்தம் உனக்குப் பிடிக்கும். மூன்றில் போட்டு 2500 சுற்றில் முக்கால்வாசி மிதித்து ஏறிப் பார். எஞ்சின் திணறக்கூடாது, திணறினால் கீழே இறக்கு. அடிவரை மிதிக்கவும் வேண்டாம், அப்போது கலவையில் பெற்றோல் கூடிவிடும். நம் உயரத்தில் காற்று லேசு என்பதால் நுவரெலியாவில் எஞ்சின் பலம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறையும், அதைக் கோளாறென்று நினைத்துக் கலங்காதே.

95 அடிக்கவேண்டுமா என்று கேட்டாய். தேவையில்லை. உன் எஞ்சின் அமுக்க விகிதம் 9.4க்கு 1தான், 92 போதும், ஒக்டேன் கூடினால் சக்தி கூடாது. மிச்சமாகிற காசில் ப்ளக் மாற்று, பழைய ஒட்சிசன் சென்சரை மாற்று. பெற்றோல் குழாயில் கட்டுகிற காந்தம், டேங்கில் ஊற்றுகிற குப்பி மருந்து எதையும் வாங்காதே. கூரையைத் திறந்து ஓட்டினால் பெற்றோல் கூடுமா என்றால், கட்டுநாயக்க அதிவேக வீதியில் 100இல் போனால் நிச்சயம் கூடும், அங்கே மூடிக்கொள், 80க்கு இறங்கினால் இன்னும் நல்லது. மலையில் 35, 40இல் ஓடும்போது காற்றுக்குப் பெரிதாக வேலையில்லை. மழை இல்லாத நேரம் தாராளமாகத் திற.

உன் மைத்துனர் ஹொண்டா சிஆர்-இசட் வாங்கச் சொல்கிறார் என்றாய், ஹைப்ரிட் என்பதால் மலை இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிடும் என்று. நிரம்பும், அதில்தான் பிரச்சினை. 2010இல் வந்த அந்த முதல் மொடலின் பற்றரி கொள்வது அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூட. ஹட்டனிலிருந்து இறங்கும்போது கிடைக்கக்கூடியது ஏறக்குறைய 3 யூனிட் (முன்பு சொன்ன அந்த 10 மெகாயூல்தான்), உருள்வதற்குப் போனது போக மிச்சத்தைப் பிடித்தாலும் பாதி வழிக்கு முன்பே பற்றரி நிறைந்துவிடும். கொழும்பு நெரிசலுக்கு அது நல்ல வண்டி, அதை மறுக்கமாட்டேன். நீ கிழமை நாட்களில் பஸ்ஸில்தானே போகிறாய்.

ஏப்ரலில் வருவதாகச் சொன்னதை மாற்றிவிடாதே. முதல் நாள் இரவே வந்துவிடு, வீட்டில் ரொட்டியும் கட்டச்சம்பலும் இருக்கும், காலையில் என் முற்றத்திலேயே ஜாக் போட்டு நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்ப்போம். வருகிற வழியில் அவிசாவளையில் டேங்கை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூச்சியமாக்கிக்கொள். கொழும்பிலேயே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேர்மோஸ்டட்டும் அதற்கான கேஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வா, மஸ்டா பி6 எஞ்சினுக்கு என்று சொல்லிக் கேள், அந்த எஞ்சின் குடும்பம் பழைய ஃபமிலியாவிலும் வந்தது, அதனால் கிடைக்காமல் போகாது. இரண்டாக வாங்கு, என்னுடையதும் பழசாகிவிட்டது, காசை வந்ததும் தருகிறேன்.

உன் கூட்டாளி