பசித்தவரிடம் மதம் கேட்காதீர்கள்

சமய அடிப்படையில் நிவாரணப் பணி செய்யும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு நன்கொடை தரும் பலரில் ஒருவராக இதை எழுதுகிறேன். சண்டை முற்றி வெளியூர் ஊழியர்கள் கிளம்பிய பிறகும் அங்கேயே தங்கிவிடுபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பாதிரியார்கள், இமாம்கள், கன்னியாஸ்திரீகள்தான். இந்த நெருக்கம் வேறு எந்த நிறுவனத்துக்கும் எளிதில் வாய்க்காது. அதைக் கெடுக்கும் ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

விநியோகத்துக்கு முன்னால் கட்டாயமாக ஒரு பிரார்த்தனை. அரிசி மூட்டைக்குள் ஒரு துண்டுப் பிரசுரம். பெயர்ப் பட்டியல் எழுதும்போது 'முதலில் நம்மவர்கள்'. செய்பவருக்கு இவை சின்ன விஷயங்களாகத் தெரியலாம். ஆனால் குழந்தைக்குப் பால் வாங்க வரிசையில் நிற்கும் தாயால் 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? மறுக்க முடியாத இடத்தில் கேட்கப்படும் சம்மதம் சம்மதமே இல்லை.

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-ல் வகுத்த நடத்தை நெறியின் மூன்றாவது விதியும் இதைத்தான் சொல்கிறது: ஓர் அமைப்புக்கு மத நம்பிக்கை இருக்கலாம், ஆனால் அதை ஏற்றால்தான் உதவி என்ற நிலை வரக்கூடாது. உங்களில் பலர் அதை ஏற்றிருக்கிறீர்கள்.

பாரபட்சம் பார்க்காமல் உதவியவரைத்தான் பிறகு இரண்டு தரப்பும் பேச்சுக்கு அழைக்கும். மொசாம்பிக்கில் 1977-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரை முடிக்க உதவியவர்களில் ரோம் நகரின் சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கச் சமூகம் முக்கியமானது. 1980-களில் அந்நாட்டுக்கு நிவாரணம் அனுப்பிவந்தவர்கள் அவர்கள். அரசும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களும் 1990-ல் அவர்களிடத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். 1992 அக்டோபர் 4 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆன வேலை அது. இன்று பல நன்கொடையாளர்கள் கேட்பதுபோல ஓராண்டுத் திட்டமாக அது இருந்திருந்தால் பாதியில் நின்றிருக்கும். நன்கொடையாளர்களாகிய நாங்களும் மாற வேண்டிய இடம் இது.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பரில் தலைநகர் பாங்கியில் கொலைகள் நடந்தபோது, இமாம் ஒமார் கொபின் லயாமா குடும்பத்தோடு அடைக்கலம் புகுந்தது பேராயர் தியுதொனே ந்சபலைங்காவின் வீட்டில். இருவரும் சுவிசேஷச் சபைகளின் தலைவர் ஒருவரோடு சேர்ந்து, 'இது மதங்களின் போர் அல்ல' என்று மக்களிடம் எடுத்துச் சொன்னார்கள். நாம் எவ்வளவு செலவழித்துப் பிரசாரம் செய்தாலும், ஒரே வீட்டில் தங்கிய இந்த இருவரின் சொல்லுக்கு இருந்த எடை கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பயனாளிகள் பட்டியலை ஊரின் எல்லாத் தரப்பினரும், பெண்களும் இருக்கும் குழுவிடம் விடுங்கள். வழிபாட்டு இடத்தில்தான் பொருள் கொடுக்க முடியும் என்றால், வழிபாட்டு நேரத்தில் கொடுக்காதீர்கள். மதத்தைக் காட்டி உதவி மறுக்கப்பட்டவர் புகார் சொல்ல உங்கள் அமைப்புக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். அப்புறம், அந்தப் புகார்களையும் எடுத்த நடவடிக்கையையும் ஆண்டறிக்கையில் வெளியிடுங்கள். அடுத்த அறிக்கையில் நான் முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் நன்கொடையாளர்களில் ஒருவர்