பழைய ஸ்டிக்கர் வரைபடங்களை வெளியிடுங்கள்: மவுண்டன் பைக் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 1980களிலும் 90களிலும் வந்த மவுண்டன் பைக் பிராண்டுகள் பலவற்றின் பெயரும் உரிமையும் இன்று உங்கள் கையில் இருக்கின்றன. அந்தச் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, பழைய கோலத்துக்குக் கொண்டுவருகிறவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அந்த ஃபிரேம்களில் ஒட்டிய ஸ்டிக்கர்களின் மூல வரைபடங்களை ஆண்டுவாரியாக, அளவும் நிறக் குறியீடும் சேர்த்து, யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

ஸ்டிக்கர்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு ஃபிரேம் யார் கையில் உருவானது, எப்போது கை மாறியது என்பதைப் பல நேரங்களில் அதுதான் சொல்கிறது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் ‘மவுண்டன்பைக்ஸ்’ என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். ஃபிரேம்களைச் செய்து கொடுத்தவர் டாம் ரிச்சி. சில ஆண்டுகளில் கூட்டு பிரிந்தது. ஃபிஷரின் நிறுவனம் 1991இல் தைவான் நிறுவனம் ஒன்றுக்கும் 1993இல் அமெரிக்க சைக்கிள் நிறுவனமான ட்ரெக்குக்கும் போனது. க்ளைன், பான்ட்ரேகர் என்ற வேறு இரு பிராண்டுகளும் 1995இல் அதே ட்ரெக்கிடம் வந்து சேர்ந்தன. கை மாறிய பிராண்டுகளின் ஃபிரேமைப் பார்த்து, இது மாறுவதற்கு முந்தையதா பிந்தையதா என்று கேட்டால், வரிசை எண்ணை மட்டும் வைத்து எப்போதும் பதில் சொல்லிவிட முடியாது. எழுத்தின் வடிவம், டியூப்பில் அது உட்கார்ந்திருக்கும் இடம், இருக்கைக்கு அடியில் இறங்கும் சீட் டியூப்பில் டாங்கே, ரெனால்ட்ஸ் போன்ற குழாய் நிறுவனங்களின் சின்ன ஸ்டிக்கர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆண்டைப் பிடிக்கிறோம்.

வடிவங்கள் மாறியதற்குக் காரணங்களும் இருந்தன. கேனன்டேல் நிறுவனம் பருத்த அலுமினியக் குழாய்க்குப் போனதும், முன்பக்கத்திலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் டவுன் டியூப்பில் பெரிய எழுத்துக்கு இடம் கிடைத்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யு.சி.ஐ. முதல் உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. பந்தயப் புகைப்படத்தில் தூரத்திலிருந்தே பெயர் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வலுத்தது என்பது என் கணிப்பு. யெட்டியின் டர்க்காய்ஸ் நிறம், க்ளைனில் ஒரு வண்ணம் இன்னொன்றில் கரையும் பெயிண்ட், மாசசூசெட்ஸின் ஃபேட் சிட்டி பட்டறை தன் ‘யோ எடி’ மாடலுக்குப் போட்ட கார்ட்டூன் முகம் எல்லாம் அந்தக் காலத்துத் துணிச்சல்கள். அந்த முகத்தை நான் இன்றும் ரசிக்கிறேன். ஒரு சிறு பட்டறையின் குரல் அதில் அப்படியே இருக்கிறது. ஜி.டி. நிறுவனத்தின் ஸாஸ்கர் மாடலில் மெருகேற்றிய வெற்று அலுமினியத்தின் மீதே ஸ்டிக்கர் வந்தது. மெர்லினின் டைட்டானியம் ஃபிரேமுக்குப் பெயிண்டே தேவைப்படவில்லை. பழைய ஸ்டிக்கரை உரித்துப் புதியதை ஒட்டுவது அதில் எளிது என்பதால், ஃபிரேம் ஒரு ஆண்டும் ஸ்டிக்கர் வேறொரு ஆண்டுமாக இருக்க வாய்ப்புண்டு. இப்படிப்பட்ட ஃபிரேமில்தான் நாங்கள் அதிகம் தடுமாறுகிறோம்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். மூலம் கிடைக்காததால் மீந்திருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துப் படி எடுக்கிறோம். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்பட்டால் அது பெயிண்டின் மேல் பூசும் நிறமற்ற கிளியர் கோட்டுக்கு மேலே ஒட்டியது; வழவழவென்று போனால் பெரும்பாலும் அடியில் இருப்பது. மேலே ஒட்டியது உரிந்து போயிருந்தாலும், வெயில் படாத பெயிண்ட் அந்த இடத்தில் அடர்த்தியாக நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் உருவம் தெரியும். அதன் மேல் டிரேசிங் பேப்பரை வைத்துக் கோடு இழுக்கலாம். வடிவம் இப்படிக் கிடைத்துவிடும், நிறம் கிடைக்காது. ஃப்ளோரசன்ட் நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுப்பவை. கண்ணைப் பறித்த இளஞ்சிவப்பு இன்று வெளிறிய ரோஜா நிறமாகத் தெரிகிறது. கிளியர் கோட் மஞ்சளித்ததால் வெள்ளை எழுத்து கிரீம் நிறமாகிவிட்டது. அதையே மூலம் என்று நம்பி அச்சடிக்கிறார்கள். அடுத்தவர் அந்தப் படியைப் பார்த்துப் படி எடுக்கிறார். இப்படியே போனால் இன்னும் சில ஆண்டுகளில் வெளிறிய நிறமே சரியான நிறம் என்று ஆகிவிடும். சிரத்தையோடு உழைக்கிறவர்களின் கையாலேயே இந்தத் தவறு பரவுவதுதான் எனக்கு வேதனை.

உங்கள் தயக்கம் புரிகிறது. வரைபடம் கிடைத்தால் சாதாரண ஃபிரேமில் விலை உயர்ந்த பெயரை ஒட்டி விற்பார்களே என்பீர்கள். ஏமாற்றுகிறவருக்குத் துல்லியம் தேவையில்லை, ஓரளவு ஒத்திருந்தாலே போதும். அது இப்போதே அவர் கையில் இருக்கிறது. எந்த ஆண்டில் எந்த எழுத்து, பெடல் அச்சு பொருந்தும் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி என்ற பதிவு வெளியே இருந்தால்தான் வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்த்து ஏமாறாமல் இருப்பார். மறு அச்சு எதுவானாலும் ஓரத்தில் ஒரு சிறு குறி வேண்டும், விற்பனைக்கு அச்சடிக்கத் தனி அனுமதி வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மனப்பூர்வமாக ஏற்போம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. ஸ்டிக்கர் அச்சடிக்கப் பயன்பட்ட சில்க் ஸ்கிரீன் ஃபிலிம், விற்பனையாளர்களுக்கு அனுப்பிய ஸ்டிக்கர் தாள், பெயிண்ட் பட்டியல் என உங்கள் கிடங்கில் எது மிஞ்சியிருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் எடுங்கள். ஃபிலிம் பழையதாகிவிட்டது, சுருங்கும், ஒட்டிக்கொள்ளும். அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அன்று வரைந்தவர்களும் பெயிண்ட் அடித்தவர்களும் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து உட்கார வைத்து, எந்தத் தாள் எந்த ஆண்டுக்கு என்று கேட்டு எழுதிவையுங்கள். மரின் கவுண்டியின் ஃபேர்ஃபாக்ஸில் உள்ள மரின் சைக்கிள் அருங்காட்சியகத்தில்தான், இந்தத் துறையின் முன்னோடிகளைக் கௌரவிக்கும் மவுண்டன் பைக் ஹால் ஆஃப் ஃபேமும் இருக்கிறது. பிரதி ஒன்றை அங்கே ஒப்படைக்கலாம். தொடங்குவதற்கு ஒரு பிராண்ட், ஒரு ஆண்டு போதும். 1990லிருந்து ஆரம்பித்தால் எங்களில் பலருக்கு உடனே உதவும்.

இப்படிக்கு,
பழைய மவுண்டன் பைக்குகளைப் பழுது பார்த்துவரும் ஒருவன்